வட்ட மேசையில் நான் மாற்றிச் சொன்னது

அப்பா,

இன்று மதியம், நாம் அன்றைக்குப் போன அதே உணவகத்தில், பரிமாறுகிற பெண் இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். நல்லெண்ணெயும் இஞ்சியும் துளசியும் சேர்ந்த ஆவி முகத்தில் அடித்தது. தைவானிலிருந்து போன வாரம் வந்து சேர்ந்த இரண்டு இன்ஜினியர்கள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சொந்த ஊர்ச் சாப்பாட்டின் வாசனை பட்டதும் அவர்கள் முகம் தெளிந்தது. நான் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வெளியே வந்தேன். பாகலூர் சாலையில் போகிற லாரிகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

"துளசியப் போட்டா கோழி ஆக்குவாங்க?" என்று நீ கேட்டது இதே சட்டியைப் பார்த்துத்தான். சாமிக்குப் போடுவதைக் கறியில் போட்டிருக்கிறார்களே என்று உனக்குக் கூச்சம். அது வேறு துளசி என்று சொன்னேன். நீ ஓர் இலையை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்து, "அட, இது காமகஸ்தூரி. தளிப் பக்கம் வேலியோரம் கெடக்குமே" என்றாய். அதற்குப் பிறகு தயங்காமல் சாப்பிட்டாய்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அன்றைக்கு அந்த மேசையில் நடந்தது முழுக்க உனக்குத் தெரியாது. நீ இருந்த வரைக்கும் நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் அவசரமில்லாமல் எழுதுகிறேன்.

டிப்ளமோ முடித்துவிட்டு உதவித்தொகையில் ஒரு வருடம் தைவானுக்குப் போய் மாண்டரின் படித்துவிட்டு வந்தேன் அல்லவா, அதனால்தான் அந்தத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. மின்சார வண்டிகளுக்கான சின்னச் சின்ன உதிரிபாகங்கள் செய்கிற இடம். அதை நடத்துகிற தைவான்காரர்கள் பேசுவதைத் தமிழிலும், நம் ஆட்கள் பேசுவதை அவர்கள் மொழியிலும் சொல்வது என் வேலை. உனக்கு அதில் பெரிய பெருமை. "எம்பொண்ணு இல்லாட்டி அங்க ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்க வேண்டியதுதான்" என்று குந்தாரப்பள்ளி சந்தையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாயாம். அம்மா சொல்லிச் சிரித்தாள்.

உனக்கு யாரும் அப்படி நடுவில் நின்று சொல்ல வேண்டியிருந்ததில்லை. தோட்டத்துக்காரரிடம் தெலுங்கு, மாடு வாங்க வருகிறவர்களிடம் கன்னடம், வீட்டில் தமிழ். சந்தையில் நீதான் மற்றவர்களுக்கு நடுவில் நிற்பாய். ஒருமுறை கன்னடக்காரர் ஒருவர் நம்மூர்க்காரரின் காளையைப் பார்த்து என்னவோ மோசமாகச் சொல்ல, நீ அதை இவரிடம் "பல்லு கொஞ்சம் தேஞ்சிருக்குதாம்" என்று மட்டும் சொன்னாய். வியாபாரம் முடிந்து இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். வரும் வழியில், "பாதிய நான் முழுங்கிட்டன் பாப்பா. அப்படியே சொல்லியிருந்தா இன்னிக்கு ரத்தம்தான்" என்று சிரித்தாய். நான் அந்தச் சிரிப்பைப் பல தடவை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீ விழுங்கியது வசவு. நான் விழுங்கியது அது இல்லை.

தொழிற்சாலை நிற்கிற மண் உனக்கு எங்கள் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். தோட்டத்துக்காரர் விற்கும் வரைக்கும் கேழ்வரகும் நிலக்கடலையுமாக அதில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்தாய். விற்ற பிறகு கிரானைட் பட்டறைக்குப் போனாய். அங்கேதான் மூச்சில் தூசி ஏறியது. பட்டறை வேலை இல்லாத நாட்களில், அதே நிலத்தை மேடாக்குகிற கூலி வேலைக்கும் போனாய். இதையெல்லாம் நான் அறிவேன். எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து இருபத்தொரு நாளில் போய்விட்டாள் என்பதும், அவளை அந்தத் தோட்டத்துப் புளியமரத்துப் பக்கம் புதைத்தாய் என்பதும் அம்மா சொல்லித் தெரியும். அம்மாவைக் கூட்டிப்போகவில்லை. துண்டில் சுற்றி நீ மட்டும் எடுத்துப் போனாய். நீ அதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆனபோது லின் சார் என்னைக் கூப்பிட்டார். அவர்தான் தொழிற்சாலைக்குத் தலைவர். அறுபதை நெருங்கியவர், மெதுவாகப் பேசுவார். "உன் அப்பா அம்மாவை ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட அழைத்து வா. எங்களிடம் வேலை செய்கிற பெண்ணின் பெற்றோரோடு ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார வேண்டும்" என்றார். ஓசூரில் தைவான்காரர்கள் வருகை அதிகமான பிறகு பாகலூர் சாலையில் திறந்த அந்த உணவகத்துக்குத்தான் வரச் சொன்னார்.

அம்மா வரவில்லை. ஆடு ஈனப்போகிறது என்றாள். நிஜக் காரணம், முன்பின் தெரியாத ஆள் எதிரில் சாப்பிட வெட்கம். நீ வெள்ளைச் சட்டையை ஊருக்குள் கொடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தாய். ஓசூர் பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமலே வந்தாய். முதல் தடவை இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிற பதற்றம் என்று நினைத்தேன். நீ மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பூசாத சிமெண்ட் சுவர், பழைய மரத்தில் செய்த நாற்காலிகள், கண்ணாடிக்கு அப்பால் சமையலறை. உள்ளே ஆட்கள் மாவைத் திரட்டி மடித்துக்கொண்டிருந்ததை நின்று பார்த்தாய். "காச வாங்கிக்கினு செவுத்த பூசாம போயிட்டான் போல" என்று என் காதில் சொன்னாய். நான் அடக்க முடியாமல் சிரித்தேன். லின் சார் என்ன என்று கேட்டார். சுவர் நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னேன். அன்றைக்கு நான் மாற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அது. அவரும் மகிழ்ந்தார், நீயும் மகிழ்ந்தாய். எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்திருக்கலாம்.

வட்ட மேசை. நடுவில் சுழல்கிற கண்ணாடித் தட்டு. எந்தப் பாத்திரம் வந்தாலும் நீ விரலால் தட்டை மெல்லத் தள்ளி லின் சார் பக்கம் கொண்டுபோவாய். அவர் கரண்டியால் எடுத்து முதலில் உன் தட்டில் வைத்துவிட்டு மறுபடி உன் பக்கம் தள்ளுவார். இருவருக்கும் பேச்சே வேண்டியிருக்கவில்லை. பால் ஊற்றாத டீயை வாயில் வைத்ததும் என்னைப் பார்த்தாய். "மருந்து மாதிரி இருக்குது, ஆனா வவுத்துக்கு எதமா இருக்குது" என்றாய். ஊறவைத்துக் காயவைத்த முள்ளங்கியைப் போட்ட முட்டைப் பொரியல்தான் உனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மாவுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாய். லின் சார் இன்னொன்று செய்து கட்டித்தரச் சொன்னார்.

பிறகு அந்தக் கறுப்பு முட்டை வந்தது. கண்ணாடி மாதிரி கறுப்பு, உள்ளே பச்சையும் சாம்பலுமாக மஞ்சள் கரு. நீ குனிந்து, "கெட்டுப்போச்சா பாப்பா? அவருகிட்ட சொல்லாத, பாவம், அவரு மனசு நோவும்" என்றாய். நான் லின் சாரைக் கேட்டேன். சுண்ணாம்பும் சாம்பலும் களிமண்ணும் பூசி மாதக்கணக்கில் வைத்தெடுப்பது, அந்தக் காலத்தில் அவருடைய ஊரில் மண்ணுக்குள்ளேயே புதைத்துவைப்பார்கள் என்று விளக்கினார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"மண்ணுக்குள்ளயா?" என்றாய். கையில் எடுத்த துண்டை மறுபடி தட்டில் வைத்தாய்.

"சாருகிட்ட ஒண்ணு சொல்லணும் பாப்பா. நான் சொல்றத அப்படியே சொல்லு."

பிறகு நீ என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தே பேசினாய்.

"சாரு, உங்க கம்பெனி ரெண்டாவது கேட்டுக்கு உள்ளார ஒரு புளியமரம் இருந்துச்சு. அத வெட்டிட்டாங்க. அந்த மரத்தோரம் எங்க மொதப் புள்ளய வெச்சிருக்கறன். மரம் இல்லாட்டியும் எடம் எனக்குத் தெரியும். செவுத்துக்கு வெளிய யானப்பாறை அப்படியே இருக்குது. அதுக்கு நேரா நின்னு, ஏரி மதகப் பாத்து நடக்கணும்." எத்தனை அடி என்று சொன்னாய். வலது பக்கம் திரும்பி இன்னும் எத்தனை அடி என்றும் சொன்னாய். "அங்க தோண்டல. மேல மண்ணப் போட்டுத்தான் மேடாக்கினாங்க. நானே அந்த வேலையில இருந்தன், பாத்துக்கினேதான் இருந்தன். எனக்கு எடம் வேணாம், துட்டு வேணாம். ஒரே ஒரு வாட்டி எங்க வூட்டம்மாவ கூட்டிக்கினு உள்ளார வந்து, இங்கதான்னு அவளுக்குக் காட்டிட்டுப் போயிடறன். அவ பாத்ததே இல்ல."

லின் சார் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

அப்பா, அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். இது காரணம்தான், நியாயம் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் தொழிற்சாலைச் சுவரால் ஏரிக்குப் போகிற வழித்தடம் அடைபட்டுவிட்டது என்று ஊரார் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் பேச்சுவார்த்தையிலும் நடுவில் நின்று சொன்னவள் நான். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "பழைய மரம், பழைய கோயில், பழைய சமாதி என்று யார் எது சொன்னாலும் உடனே என்னிடம் சொல்" என்றிருந்தார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் அப்பாவே வந்து, உங்கள் சுவருக்குள் என் பிள்ளை இருக்கிறாள் என்கிறார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

நான் மாண்டரினில் சொன்னது இதுதான்: "தொழிற்சாலை இருக்கிற இடத்தில் முன்பு ஒரு பெரிய புளியமரம் இருந்ததாம். அப்பா அங்கே பல வருடம் வேலை செய்திருக்கிறார். இப்போது அங்கே தொழிற்சாலை வந்து இத்தனை பேருக்கு வேலை கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷமாம்."

லின் சார் எழுந்து நின்றார். டீக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து உன்னை நோக்கிக் குனிந்தார். "எங்களுக்கு முன்னால் அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். இதை அவரிடம் சொல்" என்றார்.

நான் உன்னிடம் சொன்னேன்: "பாக்கலாம்னு சொல்றாருப்பா. மேலிடத்துல கேக்கணுமாம்."

நீயும் எழுந்தாய். கை கழுவாமல் இருந்ததால் வலது கையை மடக்கிக்கொண்டு, மணிக்கட்டுகளைச் சேர்த்து அவரைக் கும்பிட்டாய். உன் கண்கள் கலங்கியிருந்தன. அவர் கண்களும். இரண்டு பேரும் வேறு வேறு பேச்சைக் கேட்டுவிட்டு ஒரே மாதிரி நின்றீர்கள். நான் நடுவில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் முள்ளங்கி முட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "நல்ல மனுசன். எழுந்திரிச்சு நின்னு கேட்டுக்கினாரு" என்றாய்.

அதன் பிறகு மூன்று முறை என்னிடம் கேட்டாய். முதல் முறை ஒரு மாதம் கழித்து, "லின் சாரு ஏதாச்சும் சொன்னாரா?" இரண்டாவது முறை நான் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது. நான் இன்னும் இல்லை என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது என் முகம் எப்படியோ இருந்திருக்க வேண்டும். நீயே எனக்குச் சமாதானம் சொன்னாய். "மேலிடத்துல கேக்கறதுன்னா சும்மாவா. நாளாவும். நீ போட்டு அவர நெருக்காத." அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒரு நாள் கேட்டில் இருந்த காவலாளி, "உங்க அப்பா வந்து பாறைப் பக்கம் செவுத்தோரமா நின்னுக்கினு இருந்தாரு மேடம். கேட்டதுக்கு சும்மான்னுட்டாரு" என்றார். அன்று மாலை உன்னிடம் போனில் கோபமாகப் பேசினேன். நான் வேலை செய்கிற இடத்துக்கு அப்படி வந்து நிற்கலாமா என்று கேட்டேன். நீ, "பஸ்ஸு அங்க நின்னுச்சு, எறங்கினன் பாப்பா. இனிமே வரல" என்றாய். வரவில்லை.

ஆவணியில் உனக்கு மூச்சு அதிகமாக வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். கடைசி நாட்களில் பேச முடியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாய். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அந்த நம்பிக்கையும் இல்லாமல் போவாய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அதுவும் பயம்தானோ என்னவோ.

நீ போன அன்று லின் சார் நம் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உன் காலடியில் நின்று மூன்று முறை குனிந்தார். அவர் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லல. இன்னிக்கு வந்து கும்பிட்டுட்டுப் போறாரு பாரு."

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியதும் லின் சார் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அதே உணவகத்துக்கு அழைத்துப்போனார். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதே மேசை காலியாக இருந்தது. அவர் முள்ளங்கி முட்டை சொன்னார். "உன் அப்பாவுக்குப் பிடித்தது" என்றார். நான் அங்கேயே உடைந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ சொன்னதையும், நான் மாற்றியதையும், உன்னிடம் நான் சொன்ன பொய்யையும்.

அவர் குச்சிகளைக் கீழே வைத்தார். "அன்று அவர் என்னைக் கும்பிட்டது எதற்கு?" என்று கேட்டார்.

"நீங்கள் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னதற்கு."

"செய்யாத காரியத்துக்கு ஒரு மனிதரின் நன்றியை வாங்கிக்கொண்டேன்" என்றார்.

பிறகு சொன்னதுதான் இன்னும் எனக்குள் இருக்கிறது. மாதத்தில் இரண்டு நாள் அவர்கள் நாட்காட்டிப்படி கேட்டுக்கு அருகில் மேசை போட்டு, பழமும் பிஸ்கட்டும் சோறும் வைத்து ஊதுபத்தி கொளுத்துவார்கள். உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். அது யாருக்கு என்று துப்புரவுப் பெண்கள் கேட்டபோது நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன், இந்த மண்ணில் நமக்கு முன்னால் குடியிருந்தவர்களுக்கு என்று. அதைச் சொன்ன வாயோடுதான் அன்று உன்னை மறைத்தேன். லின் சார் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "யாரென்று தெரியாத ஒருவருக்கு இத்தனை நாள் படையல் வைத்துக்கொண்டிருந்தேன். யாரென்று உனக்குத் தெரிந்திருந்தது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அப்பா. உலகத்திலேயே நீ கேட்டதைச் சட்டென்று புரிந்துகொள்ளக்கூடிய ஆளுக்கு எதிரில் உன்னை உட்காரவைத்துவிட்டு, அவருக்குப் புரியாது என்று நானே முடிவு செய்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துவரச் சொன்னார். யாரிடம் என்ன அனுமதி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அம்மா தூக்குப் பாத்திரத்தில் பாலும், மடியில் பொரியும் வெல்லமும் எடுத்துக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினாள். இரண்டாவது கேட்டுக்கு உள்ளே இப்போது பைக் நிறுத்துகிற இடம். விடுமுறை நாள் என்பதால் வண்டி ஒன்றுகூட இல்லை. சிமெண்டுக் கல் பாவிய தரை வெயிலில் நீண்டு கிடந்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"இத்தன பெருசா இருக்குது" என்றாள். "இதுல எங்கன்னு போயி தேடறது?"

பிறகு லின் சாரிடம் போனாள். அவர் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டாள். "அவுரு கேட்டப்பவே ஒரு வாட்டி உள்ளார விட்டிருக்கலாமே சாமி. அவுரா இருந்தா நேரா போயி நின்னிருப்பாரு."

இந்த முறை நான் ஒரு சொல் விடாமல் அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அம்மாவை நோக்கித் தலை குனிந்து, "நான் தாமதித்துவிட்டேன். தவறு என்னுடையது. மன்னிக்க வேண்டும்" என்றார்.

அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அம்மாவும் ஆறியிருப்பாள். அவர் எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் வாய் வரவில்லை, அப்பா.

"அம்மா, அவரு லேட் பண்ணல" என்றேன். "அப்பா கேட்டத நான் அவருகிட்ட சொல்லவே இல்ல. பயந்துக்கினு வேற எதையோ சொல்லிட்டன்."

"பாக்கலாம்னு சொன்னாருன்னு அப்பாகிட்ட சொன்னியே."

"அதுவும் நானா சொன்னதுதான்."

அம்மா நடைபாதை ஓரக் கல்லில் உட்கார்ந்தாள். தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். லின் சாருக்குப் பேச்சு புரியவில்லை என்றாலும் நடந்தது புரிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

"ஒரு நாளும் இந்த மனுசன ஒரு சொல்லு சொல்லல அவுரு" என்றாள் அம்மா. "நான்தான் அப்பப்ப திட்டுவன். அதுக்கும் 'அவுரு மறக்க மாட்டாரு, எழுந்து நின்னு கேட்டவரு'ன்னு என்னையே அடக்குவாரு."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தன அடின்னு சொன்னாரு?"

"அம்மா..."

"உன்னய வெச்சிக்கினுதான சொன்னாரு. பாறையிலேருந்து எத்தன அடி?"

எனக்கு ஞாபகம் இல்லை, அப்பா. நீ சொன்னாய். தெளிவாகச் சொன்னாய், இரண்டு எண்கள். நீ சொல்லிக்கொண்டிருந்தபோதே இதை எப்படி மாற்றிச் சொல்லலாம் என்று என் மூளை வேறு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. உன் முகம் ஞாபகம் இருக்கிறது. குரல் ஞாபகம் இருக்கிறது. சுழல்கிற தட்டின் விளிம்பில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அந்த இரண்டு எண்கள் மட்டும் இல்லை. இரவும் பகலும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. மெதுவாக எழுந்தாள். அந்த இடத்தின் ஒரு மூலைக்குப் போய், மடியிலிருந்து பொரியை அள்ளி முன்னால் தூவினாள். இரண்டு அடி வைத்து மறுபடி தூவினாள். பால் தூக்கு இடைஞ்சலாக இருக்கவே லின் சார் ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அவள் நிற்கிற இடத்தில் அவரும் நிற்பார். அவள் கை நீட்டினால் தூக்கைக் கொடுப்பார். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று கல்லின் இடுக்குகளில் விட்டாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், பிறகு திரும்பி அடுத்த வரிசை, நாற்று நடுகிறவள் போலக் குனிந்தும் நிமிர்ந்தும், முழு இடத்திலும்.

"எங்கயோதான இருக்கறா" என்றாள் முடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல். "எல்லாத்துலயும் போட்டா அவளுக்கும் சேரும்."

அம்மா என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாவது நாள் போன் செய்து, சாப்பிட்டியா என்று கேட்டாள். அவ்வளவுதான். இப்போது பேசுகிறாள், முன்பு போலவே பேசுகிறாள். இதைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

எந்த இடம் என்று சொன்னால் அங்கே வண்டி நிற்காமல் ஒரு செடி வைத்துவிடலாம் என்று லின் சார் சொல்லிப் பார்த்தார். என்னால் சொல்ல முடியவில்லை. எல்லா இடத்தையும் காலியாக விடவும் முடியாது. அதனால் வண்டிகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. போன மாதம் அவரும் ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். போகும்போது அந்தப் படையல் மேசையை மட்டும் கேட்டிலிருந்து எடுத்து வண்டிகள் நிறுத்துமிடத்து ஓரத்தில் போடச் சொல்லிவிட்டுப் போனார். புதிதாக வந்தவர்களுக்குக் காரணம் தெரியாது. இன்று சாப்பிடும்போது அந்த இரண்டு இன்ஜினியர்களில் ஒருவர் அதைக் கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன், நான் செய்ததையும் சேர்த்து. சட்டியில் கோழி ஆறிப்போகும் வரைக்கும் அவர்கள் கை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி பஸ் என்னைத் தினமும் இரண்டாவது கேட்டில் இறக்கிவிடுகிறது. அலுவலகத்துக்கு அந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். சுவருக்கு மேல் யானைப்பாறையின் முதுகு தெரியும். அதற்கு நேராக ஒரு நிமிடம் நின்று, ஏரிப் பக்கம் பார்த்து, அடி எண்ணி நடக்கத் தொடங்குகிறேன். எந்த எண்ணிலாவது மனம் நிற்குமா என்று பார்க்கிறேன். எங்கே நிற்பது என்று தெரியாமல், அலுவலகக் கதவு வரைக்கும் எண்ணிக்கொண்டே போய்விடுகிறேன்.